இல்லாத புரதத்தையும் காட்டும் ஆன்டிபாடி: டர்பன் ஆய்வகத்திலிருந்து சில அனுபவங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்துகொண்டு, மாதிரியில் ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும் முதன்மை ஆன்டிபாடி ஒன்றை வாங்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. குப்பியில் இருப்பது 100 மைக்ரோலிட்டர். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் காலிக் குப்பியை அனுப்பிவிட்டார்களோ என்று சந்தேகம் வரும். அதற்கு 7,000, 8,000 ரேண்ட் கேட்கிறார்கள். டாலர் ஏறும் மாதத்தில் விலையும் கூடவே ஏறும். முயலிலிருந்தோ எலியிலிருந்தோ வந்த பொருள் என்பதால் இறக்குமதித் தாள்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெட்டி ஜொகன்னஸ்பர்க்கில் படுத்துக்கொள்ளும். ஆறு வாரத்தில் வந்துவிட்டால் அன்று ஆய்வகத்தில் கேக் வெட்டலாம்.

இப்படிக் காத்திருந்து கைக்கு வந்த குப்பியை அன்றே நோயாளியின் மாதிரியில் போட்டுப் பார்க்க எந்த மாணவருக்கும் கை துறுதுறுக்கும். போடாதீர்கள். அந்தப் புரதம் அறவே இல்லாத ஒரு செல்லின் சாற்றில் முதலில் போட்டுப் பாருங்கள். அங்கே சும்மா இருக்கத் தெரியாத ஆன்டிபாடி வேறெங்கே எதைக் காட்டினாலும் அதை நம்புவதற்கில்லை. விலை அதிகம், அதனால் சோதனைக்கென்று ஒரு துளியைக்கூட வீணாக்க முடியாது என்று இங்கே பலர் வாதிடுகிறார்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. விலை அதிகம் என்பதனால்தான் முதல் துளி சோதனைக்குப் போக வேண்டும்.

நான் மதுரையிலிருந்து இங்கே வந்தவன். எங்கள் ஆய்வகத்தில் நஞ்சுக்கொடித் திசுவில் புரதங்களைத் தேடுகிறோம். கர்ப்பத்தின் பிற்பாதியில் ரத்த அழுத்தம் ஏறித் தாயையும் சேயையும் ஆபத்தில் தள்ளும் ப்ரீ-எக்லாம்ப்சியா என்ற நோய்தான் எங்கள் கவலை. குவாஸுலு-நட்டால் மாகாண மருத்துவமனைகளில் மகப்பேறு பார்க்கும் எவரும் அந்தப் பெயரைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். ஆய்வகத்தின் பொறுப்பாளர், இந்திய வம்சாவளியினர் நிறைந்த டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த ஓர் அக்கா. ஆயாவிடம் கேட்டு வளர்ந்த தமிழ் அவரிடம் இன்னும் இருக்கிறது; என்னைத் தம்பி என்றுதான் அழைப்பார். இந்த ஊர் ஆய்வகக் கதவுகளில் நாயுடு, பிள்ளை, மூட்லி என்று பெயர்ப்பலகைகள் ஏராளம். உள்ளே போய்த் தமிழில் பேசினால் பதிலுக்குச் சிரிப்புதான் வரும். அந்த வகையில் நான் கொடுத்துவைத்தவன்.

முன்னால் இருந்த ஒரு மாணவர் விட்டுச் சென்ற குப்பிகள் எங்கள் ஃப்ரீசரில் ஒரு தட்டு நிறைய இருந்தன. அவற்றில் ஒன்றின் மேல் ‘ஃப்ளிட்-1’ என்று எழுதியிருந்தது. இந்தப் புரதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ரத்தக்குழாய் செல்களின் மேற்பரப்பில் நின்று வளர்ச்சிக் காரணிகளைப் பிடிக்கும் ஏற்பி அது. அதற்குக் கரையும் வடிவம் ஒன்று உண்டு, எஸ்-ஃப்ளிட்-1. செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி மட்டும் தனியாக உருவாகி ரத்தத்தில் மிதப்பதுதான் அது. நோயுற்ற நஞ்சுக்கொடி இதை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. மிதக்கும் அந்த வடிவம் வளர்ச்சிக் காரணிகளை வழியிலேயே மடக்கிக்கொள்வதால் தாயின் ரத்தக்குழாய்கள் தவிக்கின்றன. கருவுற்ற எலிகளில் இதன் அளவை உயர்த்தினாலே ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் வந்துவிடுவதை 2003இல் அமெரிக்காவில் அனந்த் கருமஞ்சியின் குழு காட்டியது. அதிலிருந்து உலகெங்கும் நஞ்சுக்கொடி ஆய்வகங்கள் எஸ்-ஃப்ளிட்-1 பின்னால் அலைகின்றன. நாங்களும்தான்.

தட்டிலிருந்த குப்பியைப் பயன்படுத்தி ஒரு மாணவி வெஸ்டர்ன் பிளாட் செய்தார்: புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடி ஒட்டும் இடத்தைப் பட்டையாகப் பார்க்கும் முறை அது. 110 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே நல்ல கூர்மையான பட்டை. நோயுள்ள மாதிரிகளில் அது சற்றுக் கருமையாக வேறு இருந்தது. எதிர்பார்த்த இடம், எதிர்பார்த்த மாற்றம், எல்லோருக்கும் மகிழ்ச்சி. அக்கா மட்டும், “தம்பி, காலி லேனில் என்ன வந்தது என்று கேள்” என்றார். காலி லேன் என்று அவர் சொல்வது ஹெக்-293 என்ற, ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்களின் சாறு ஏற்றிய வரிசையை. இயல்பு நிலையில் அந்தச் செல்களில் ஃப்ளிட்-1 இல்லை என்றே கொள்ளலாம். அடுத்த பிளாட்டில் அதையும் சேர்த்து ஓட்டினோம். அதே 110இல், அதே கூர்மையில், நஞ்சுக்கொடிக்குக் கொஞ்சமும் சளைக்காத பட்டை!

பிறகு அந்தக் குப்பியின் தகவல் தாளைத் தேடி எடுத்துப் படித்தோம். ஆன்டிபாடியை உருவாக்க முயலுக்குச் செலுத்திய பெப்டைடு (புரதத் துண்டு) முழு ஃப்ளிட்-1 புரதத்தின் வால்முனையிலிருந்து, அதாவது செல்லுக்குள் இருக்கும் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது. கரையும் வடிவத்தில் அந்த வாலே கிடையாது. அந்த ஆன்டிபாடி எவ்வளவு உயர்தரமானதாக இருந்தாலும் எஸ்-ஃப்ளிட்-1ஐப் பார்க்கவே முடியாது. அப்படியானால் 110இல் நின்றது என்ன? தெரியாது, அதைத் துரத்திக்கொண்டு போக எங்களுக்கு நேரமும் இல்லை.

தகவல் தாளில் எல்லோரும் முதலில் பார்ப்பது எத்தனை மடங்கு நீர்க்க வேண்டும் என்பதை. அதற்கு முன் பார்க்க வேண்டியது எந்தப் பகுதியைக் கொண்டு அந்த ஆன்டிபாடி உருவாக்கப்பட்டது என்பது. உங்கள் புரதத்துக்கு எத்தனை வடிவங்கள், எங்கே வெட்டுப்படுகிறது, எந்தத் துண்டு உங்களுக்கு வேண்டும் என்று ஒரு தாளில் கோடு போட்டு வரையுங்கள். ஆன்டிபாடி பிடிக்கும் இடத்தை அதில் குறியுங்கள். பத்து நிமிட வேலை. அந்த இடத்தைச் சொல்ல மறுக்கும் விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை.

பிறகு செல்லுக்கு வெளியே இருக்கும் பகுதியைப் பிடிக்கும், ஆன்டிபாடியின் மரபணுவைச் செல்லுக்குள் செலுத்தித் தயாரிக்கும் மறுசேர்க்கை ஆன்டிபாடி ஒன்றின் சிறிய அளவுக் குப்பியை வரவழைத்தோம். பல நிறுவனங்கள் 10 அல்லது 20 மைக்ரோலிட்டர் சோதனை அளவிலும் விற்கின்றன, கேட்டால்தான் சொல்வார்கள். நஞ்சுக்கொடியில் இரண்டு பட்டைகள் வந்தன: 180 அருகே முழு ஏற்பி, 110 அருகே கரையும் வடிவம். தொப்புள்கொடி நாளச் செல்களிலும் வந்தது. ஹெக் செல்களில் வரவில்லை. அதே ஹெக் செல்களுக்குள் அந்த மரபணுவைச் செலுத்தியதும் வந்தது. நான்கு லேன்கள், ஒரே ஜெல். அதற்குப் பிறகே நோயாளிகளின் மாதிரிகளை வெளியே எடுத்தோம்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. அமினோ அமிலங்களை எண்ணிக் கணக்கிட்டால் எஸ்-ஃப்ளிட்-1 75 கிலோடால்டனை ஒட்டித்தான் வர வேண்டும். சர்க்கரைக் கிளைகள் ஒட்டியிருப்பதால் மேலே நிற்கிறது. அவற்றை வெட்டும் நொதியைச் சேர்த்தால் கீழே இறங்கும். பி53 புரதத்தின் உண்மையான எடை 44ஐ ஒட்டியது. ஜெல்லில் 53இல் ஓடியதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஆக்சிஜன் குறையும்போது செல்லில் சேரும் ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதம் கணக்குப்படி 93, ஜெல்லில் 120ஐ நெருங்கும். ஆகவே எதிர்பார்த்த எடையில் வரவில்லை என்பதற்காக ஆன்டிபாடியைத் தூக்கி எறியவும் வேண்டாம், எதிர்பார்த்த எடையில் வந்துவிட்டது என்பதற்காகக் கொண்டாடவும் வேண்டாம். ஒரு செல்லில் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. அதே எடையில் இன்னொன்று இருப்பது அதிசயமே இல்லை. சாட்ஸ்வொர்த் கடைத்தெருவில் நின்று ‘கோவெண்டர்’ என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள்!

நஞ்சுக்கொடிக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு. இந்தத் திசுவில் வேலை செய்யும் யாரும் இதிலிருந்து தப்பியதாகத் தெரியவில்லை. எந்தப் புரதத்தைத் தேடினாலும் 50இலும் 25இலும் தடித்த பட்டைகள் வந்து நிற்கும். அவை திசுவிலேயே இருக்கும் தாயின் ஆன்டிபாடிகள். சங்கிலிகளை இணைக்கும் பிணைப்பை உடைக்கும் டிடிடி சேர்த்துக் கொதிக்க வைக்கும்போது அவை 50 எடையுள்ள கனச் சங்கிலியாகவும் 25 எடையுள்ள இலேசுச் சங்கிலியாகவும் பிரிகின்றன. முதன்மை ஆன்டிபாடி ஒட்டிய இடத்தைக் காட்ட நாம் போடும் இரண்டாம்நிலை ஆன்டிபாடி முயலின் அல்லது சுண்டெலியின் ஆன்டிபாடியைப் பிடிக்கத்தான் தயாரிக்கப்பட்டது. ஆனால் மனித ஆன்டிபாடியும் ஏறக்குறைய அதே சாயலில் இருப்பதால் அதன் மேலும் ஒட்டிக்கொள்கிறது.

திசுவைக் குளிர்ந்த உப்புக்கரைசலில் நன்றாக அலசினால் போதும் என்று புத்தகங்கள் சொல்லும். அலசத்தான் வேண்டும், ஆனால் நஞ்சுக்கொடிக்கு அது போதாது. தாயின் ஆன்டிபாடியைக் குழந்தைக்குக் கடத்துவதே அந்தத் திசுவின் வேலைகளில் ஒன்று. அதற்கென்று தனி ஏற்பி வைத்துச் செல்லுக்குள் இழுத்துக்கொள்கிறது. உள்ளே போய்விட்டதை எப்படி அலசுவது? மனித ஆன்டிபாடியோடு ஒட்டும் பகுதியை நீக்கிச் சுத்திகரித்த இரண்டாம்நிலை ஆன்டிபாடியை வாங்குவதுதான் வழி. விலை கொஞ்சம் கூடுதல், கொடுக்கலாம். கூடவே ஒவ்வொரு புதுத் திசுவிலும் முதன்மை ஆன்டிபாடியே இல்லாமல் இரண்டாம்நிலையை மட்டும் போட்ட ஒரு துண்டு மெம்பரேன் வைத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் பட்டை எதுவும் உங்கள் புரதம் அல்ல. 50ஐ ஒட்டிய புரதத்தைத் தேடுபவர்களுக்கு இந்தத் துண்டு இல்லாமல் ஒரு படத்தையும் நான் கையெழுத்திட்டுக் கொடுப்பதில்லை.

இல்லாத செல்லுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். மரபணுவை நீக்கிய செல் வரிசை கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் விலையும் காத்திருப்பும் இங்கே பெரிய தடை. அடுத்தபடி, சிறு ஆர்.என்.ஏ. கொடுத்து அந்தப் புரதத்தின் உற்பத்தியை அடக்கிப் பார்க்கலாம். பட்டை மங்க வேண்டும். அதற்கும் வசதி இல்லையா? மனிதப் புரத அட்லஸ் என்ற இலவசத் தளத்தில் செல் வரிசை வாரியாக ஆர்.என்.ஏ. அளவுகள் இருக்கின்றன. உங்கள் மரபணு எதில் இல்லை என்று பார்த்து, அந்தச் செல்லை வளர்க்கும் பக்கத்து ஆய்வகத்திடம் ஒரு தட்டு கேளுங்கள். இந்த ஊரில் கேட்டால் கொடுக்காதவர்களை நான் பார்த்ததில்லை.

சில புரதங்களுக்கு இயற்கையே சோதனையை அமைத்துக் கொடுத்திருக்கிறது. ஆக்சிஜன் இருக்கும்போது ஹிஃப்-1 ஆல்ஃபா சில நிமிடங்களில் சிதைந்துவிடும். செல்லுக்குக் கோபால்ட் குளோரைடு கொடுத்தால் சிதையாமல் சேரும். கொடுத்த செல், கொடுக்காத செல் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஆன்டிபாடியின் குணம் தெரிந்துவிடும். பிரசவ அறையிலிருந்து திசு வந்து சேர அரைமணி நேரம் ஆகிவிட்டால் நோயாளியின் உண்மை நிலையை அந்த ஹிஃப் சொல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். அது ஆன்டிபாடியின் குற்றம் அல்ல.

இதையெல்லாம் எங்கள் ஆய்வகத்தின் துரதிர்ஷ்டம் என்று எண்ண வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பீட்டாவுக்கான 13 ஆன்டிபாடிகளைச் சோதித்து ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தேறியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைக் கொண்டு பார்த்தபோது மார்பகத் திசுவில் அந்தப் புரதமே தென்படவில்லை. இக்காரஸ் என்று உச்சரிக்கப்படும் YCharOS என்ற கனடாவின் திறந்த அறிவியல் குழு 65 மனிதப் புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளை மரபணு நீக்கிய செல்களோடு ஒப்பிட்டு 2023இல் முடிவுகளை வெளியிட்டது. ஏற்கெனவே வெளியான கட்டுரைகளில் பயன்படுத்தப்பட்ட பலவும் அதில் தோற்றன. மறுசேர்க்கை முறையில் தயாரானவை மற்ற வகைகளைவிட நன்றாகத் தேறின. அந்தக் குழுவின் படங்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. வாங்குவதற்கு முன் உங்கள் புரதம் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள்; 8,000 ரேண்ட் மிச்சப்பட வாய்ப்பு உண்டு.

இனி, இந்த ஊருக்கே உரிய சங்கதி: மின்வெட்டு. 2023இல் ஆறாம் நிலை மின்வெட்டு அறிவிப்பைக் கைபேசியில் பார்த்தபடி தூங்கப் போன காலத்தில், ஃப்ரீசரின் எந்தப் பிளக் ஜெனரேட்டரில் இருக்கிறது என்பதுதான் ஆய்வகத்தின் மிக முக்கியமான அறிவியல் கேள்வியாக இருந்தது. பொதுவாக மைனஸ் 80 ஃப்ரீசர்களுக்கு ஜெனரேட்டர் இருக்கும், மேசையடி மைனஸ் 20க்கு இருக்காது. ஆனால் பயந்த அளவுக்குச் சேதம் இல்லை. பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்து வரும் ஆன்டிபாடி மைனஸ் 20இல் உறையவே உறையாது, அதனால் சில மணி நேர மின்வெட்டு அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. கிளிசரால் இல்லாதவைதான் உறைந்து உருகி, உறைந்து உருகிக் கெடும். அவற்றை வந்த அன்றே சிறு குழாய்களில் பிரித்துவிட வேண்டும், ஒரு குழாயில் 10 மைக்ரோலிட்டருக்குக் குறையாமல். அதற்கும் குறைந்தால் குழாயின் சுவரிலேயே ஒரு பங்கு ஒட்டிக்கொண்டு போய்விடும். வீட்டில் இருப்பது போலத் தானாகப் பனி உருக்கும் ஃப்ரீசர் ஆகவே ஆகாது. மின்சாரம் தடையின்றி இருக்கும்போதும் அது உள்ளுக்குள் சூடேறி ஆறிக்கொண்டேதான் இருக்கும். வழியில் பனிக்கட்டிப் பைகள் உருகி வந்த பெட்டியைப் பார்த்து உடனே அழத் தேவையில்லை. ஆன்டிபாடிகள் உறுதியான புரதங்கள், ஓரிரு நாள் அறை வெப்பத்தைப் பெரும்பாலும் தாங்கும். திருப்பி அனுப்புவதற்குள் ஒரு பிளாட் ஓட்டிப் பாருங்கள்.

சிக்கனத்துக்கு அக்கா கற்றுத்தந்த வழி இது. தட்டில் 10 மில்லிலிட்டர் ஊற்றி ஆட்டுவதை விட்டுவிட்டு, 50 மில்லிலிட்டர் குழாய்க்குள் மெம்பரேனைச் சுருட்டி, புரதம் இருக்கும் பக்கம் உட்புறம் பார்க்க வைத்து, உருளும் கருவியில் போட்டால் 3 முதல் 5 மில்லிலிட்டரே போதும். குளிர் அறையில் இரவு முழுக்க உருளட்டும். நீர்த்த முதன்மை ஆன்டிபாடியில் 0.02 சதவீதம் சோடியம் அசைடு சேர்த்து 4 டிகிரியில் வைத்தால் சில முறை திரும்பப் பயன்படுத்தலாம். எத்தனையாவது முறை என்று குழாயின் மேல் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பட்டையை ஒளிரச் செய்யும் ஹெச்ஆர்பி நொதி இணைத்த இரண்டாம்நிலையில் மட்டும் அசைடைக் காட்டாதீர்கள், அந்த நொதியை அது முடக்கிவிடும். பாஸ்பேட் ஏறிய புரதத்தைத் தேடும் ஆன்டிபாடிகளை நான் மறுமுறை பயன்படுத்துவதில்லை. மெம்பரேனின் வெற்றிடங்களை மூடப் போடும் பாலும் அவற்றுக்கு வேண்டாம். பாலில் உள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம்தான். மாட்டு ரத்தப் புரதமான பிஎஸ்ஏ போதும்.

பட்டையின் நடுவில் வெள்ளையாகக் குழி விழுந்து ஓரங்கள் மட்டும் கறுத்திருந்தால், ஆன்டிபாடி குறைவு என்று நினைத்து மேலும் சேர்க்காதீர்கள். அளவுக்கு மீறிய ஹெச்ஆர்பி அங்கிருந்த ஒளிப்பொருளைத் தின்று தீர்த்துவிட்டது என்று பொருள். நீர்த்துப் போடுங்கள், காசும் மிச்சம்.

நடுவில் விடுமுறை குறுக்கிட்டால்? பெரிய வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அக்கா குடும்பத்தோடு போய்விடுவார். செவ்வாய்க்கிழமைதான் ஆய்வகம் பழைய நிலைக்கு வரும். புரதத்தை பிவிடிஎஃப் மெம்பரேனுக்கு மாற்றி, எல்லாப் புரதத்தையும் காட்டும் பான்சோ சாயத்தில் பார்த்துப் படம் எடுத்து, அப்படியே உலர்த்தி உறையிலிட்டுக் குளிரில் வைத்துவிடலாம். திரும்பி வந்ததும் மெத்தனாலில் நனைத்துத் தொடரலாம். அந்தப் பான்சோ படத்தை அழித்துவிடாதீர்கள். 20, 30 மைக்ரோகிராம் ஏற்றிய லேனில், ஒப்பீட்டுக்காக வழக்கமாகப் பார்க்கும் ஆக்டின் புரதத்தின் பட்டை பெரும்பாலும் உச்சத்தைத் தொட்டு நிற்கும், கூடுதல் குறைவை அது காட்டாது. எல்லா லேனிலும் சமமாக ஏறியிருக்கிறதா என்பதற்கு மொத்தப் புரதச் சாயமே நேர்மையான சாட்சி.

கடைசியாக, தொகுதி எண். பலநகல் ஆன்டிபாடி முயலின் ரத்தத்திலிருந்து வருகிறது. அடுத்த தொகுதி வேறு முயலாக இருக்கலாம், குணமும் வேறாகலாம். முனைவர் பட்ட ஆய்வு முழுவதற்கும் ஒரே ஆன்டிபாடியை நம்பியிருப்பவர்கள் ஒரே தொகுதியில் இரண்டு குப்பிகளை ஒன்றாக வாங்கிவிடுவது நல்லது. தொகுதி மாறினால் காலி லேன் சோதனையைப் பழையபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். கட்டுரை எழுதும்போது நிறுவனத்தின் பெயர் மட்டும் போதாது: பட்டியல் எண், தொகுதி எண், ஆய்வுப் பொருள்களுக்கான ஆர்ஆர்ஐடி அடையாள எண், நீர்ப்பு, எந்தச் செல்லில் பட்டை வரவில்லை என்ற படம். எங்கள் கட்டடத்தில் இப்போது மூன்று ஆய்வகங்கள் சேர்ந்து ஒரு பொதுப் பட்டியல் வைத்திருக்கின்றன. யாரிடம் எந்த ஆன்டிபாடி இருக்கிறது, எதில் தேறியது, எதில் தோற்றது என்று அதில் எழுதிவிடுகிறோம். புதிதாக ஆர்டர் போடுவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்து அறையில் 5 மைக்ரோலிட்டர் கடன் கேட்பது வழக்கமாகிவிட்டது. தோற்றவற்றின் பத்திதான் அதில் நீளம். புதிய மாணவர்களிடம் அந்தப் பத்தியை முதலில் படிக்கச் சொல்கிறேன்.